எந்தத் துவக்கு, யார் கையில்? காந்தி சிலையடி, 2006 ஜனவரி 2

தம்பலகாமத்தில் எனக்குத் தெரிந்த ஒரு கமக்காரர் இருக்கிறார். எழுபது தாண்டியவர். வயலுக்குப் பன்றி இறங்குவதால் அனுமதிப்பத்திரத்தோடு சொட்கன் என்ற வேட்டைத் துவக்கு ஒன்று வைத்திருக்கிறார். வருடாவருடம் அதைப் புதுப்பிக்க அவர் படும் பாடு பெரிது. பொலிஸில் காட்ட வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும், கச்சேரிக்கு அலைய வேண்டும், ஒரு கையொப்பம் குறைந்தால் பஸ் ஏறித் திரும்பி வர வேண்டும்.

"தம்பி, என்ட பேத்தியிட பிறந்தநாளைக் கேட்டால் யோசிச்சுத்தான் சொல்லுவன். துவக்கு நம்பரைக் கேளுங்கோ, நித்திரையிலயும் சொல்லுவன்" என்றார் ஒருமுறை. சொல்லியும் காட்டினார்.

"போன வருசம் எத்தனை வெடி வைச்சனீங்கள் ஐயா?"

"ரெண்டு. ரெண்டும் வானத்துக்கு."

இந்த ஆய்வு அவருடைய துவக்கைப் பற்றியதல்ல. ஆனாலும் எழுத உட்கார்ந்தபோது முதலில் ஞாபகத்துக்கு வந்தவர் அவர்தான். வானத்துக்கு வைத்த இரண்டு வெடிக்குக் கணக்குச் சொல்கிறார் அவர். அதே திருகோணமலை மாவட்டத்தில், நகரத்தின் நடுவில், ஐந்து பெடியன்களின் உடம்பில் பாய்ந்த ரவைகளுக்கு இன்றுவரை யாரும் கணக்குச் சொல்லவில்லை.

அன்று இரவு

2006 ஜனவரி 2, திங்கட்கிழமை. டச்பே கடற்கரையில் காந்தி சிலையடி. திருகோணமலையில் பிறந்த எவருக்கும் அந்த இடத்தை விளக்கத் தேவையில்லை. பின்னேரத்தில் காற்று வாங்கப் போவதும், கச்சான் கொறிப்பதும், சோதனை முடிந்த பெடியன்கள் கடற்கரைக் கட்டின் மேல் ஏறி இருந்து கதையளப்பதும் அங்கேதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது ஒதுக்குப்புறமான இடமில்லை. ஒரு பக்கம் பிரெட்ரிக் கோட்டை, அதற்குள் இராணுவம். கடற்படையும் தூரத்தில் இல்லை. அந்த நாட்களில் சோதனைச் சாவடி தாண்டாமல் அங்கே வரவும் முடியாது, போகவும் முடியாது.

ஏழு பேர் அங்கே இருந்தார்கள். எல்லோருக்கும் இருபதை ஒட்டிய வயது. உயர்தரம் முடித்தவர்கள், பல்கலைக்கழகத்தை எதிர்பார்த்திருந்தவர்கள். இரவு ஏழரை மணியளவில் ஓர் ஆட்டோவிலிருந்து கைக்குண்டு வீசப்பட்டது. சிலர் காயப்பட்டார்கள். சாட்சிகள் பிறகு சொன்னபடி, கொஞ்ச நேரத்தில் சீருடைக்காரர்கள் வாகனத்தில் வந்தார்கள், காயப்பட்டவர்களை அடித்தார்கள், பிறகு சுட்டார்கள். ஐந்து பேர் செத்தார்கள். இரண்டு பேர் காயத்தோடு தப்பினார்கள்.

செத்தவர்களில் ஒருவரின் தந்தை மருத்துவர். படையினர் தங்களைச் சுற்றிவளைத்துவிட்டார்கள் என்று மகனிடமிருந்து அவருடைய கைத்தொலைபேசிக்குச் செய்தி வந்தது. அவர் ஓடினார். சாவடியில் மறித்துவிட்டார்கள். அங்கே நின்றபடி வெடிச்சத்தம் கேட்டார். பின்னாளில் விசாரணை ஆணைக்குழு முன்பும் ஜெனீவாவிலும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். இந்த வழக்கைப் பற்றி நான் படித்த அத்தனை பக்கங்களிலும் அந்தச் சாவடி நிமிடங்கள்தான் என்னை விட்டுப் போகவில்லை. மகன் கூப்பிடு தூரத்தில். இடையில் ஒரு தடி.

காயம் சொன்ன கதை

படைத்தரப்பு முதலில் சொன்ன கதை வேறு. இளைஞர்கள் தாங்களே கொண்டுவந்த கைக்குண்டு வெடித்து இறந்துவிட்டார்கள் என்றது அது. குண்டு வெடித்தது உண்மை, காயங்களும் இருந்தன. அதனால் அந்தக் கதை ஒரு நாள், இரண்டு நாள் நின்றிருக்கும். ஒரு வாரம் நின்றிருந்தால் சரித்திரமாகவே ஆகியிருக்கும்.

அதைக் கவிழ்த்தவை இரண்டு. ஒன்று பிரேத பரிசோதனை. துப்பாக்கிச் சூட்டுக் காயங்களால்தான் மரணம் என்று அது சொன்னது. மற்றது, சுடர் ஒளி பத்திரிகைக்கு எழுதிவந்த சுப்பிரமணியம் சுகிர்தராஜன் பிணவறையில் எடுத்த படங்கள்.

கைக்குண்டுச் சிதறலும் ரவையும் உடம்பில் ஒரே மாதிரி எழுதுவதில்லை. சிதறல் என்றால் கோணல்மாணலான பல காயங்கள், பெரும்பாலும் குண்டு வெடித்த பக்கமாக, பரவலாக. ரவை போன இடம் அப்படி இருக்காது. நுழைந்த இடம் சின்னதாக, வட்டமாக. வெளியேறிய இடம் பெரும்பாலும் அதைவிடப் பெரிதாக, கிழிந்து. மிகக் கிட்ட வைத்துச் சுட்டிருந்தால் நுழைவாயைச் சுற்றிக் கரி படிந்திருக்கும். இதைப் படிக்கச் சட்ட வைத்தியர் வேண்டும் என்றாலும், யுத்தத்தில் வளர்ந்த எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இந்த எழுத்து வாசிக்கத் தெரியும். தலையில் ஒற்றைத் துளை உள்ள ஒரு படத்தைப் பத்திரிகையில் பார்த்தவர்களுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

படங்கள் வந்த மூன்றாம் கிழமை, ஜனவரி 24 காலை, சுகிர்தராஜன் வேலைக்குப் போக பஸ்ஸுக்காக நின்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர்கள் 'இனந்தெரியாதோர்'.

இந்தச் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. எண்பதுகளிலிருந்து எங்கள் பத்திரிகைகளில் மிக அதிகம் கொலை செய்தவர் இவர்தான். மோட்டார் சைக்கிளில் வருவார், பின்னால் இருப்பவர் கைத்துப்பாக்கி எடுப்பார், 'மண்டையில் போட்டுவிட்டு' போய்விடுவார். ஆயுதம் தூக்கிய எல்லாத் தரப்பும் அவரைப் பயன்படுத்தியது. இயக்கங்களும், அரசோடு நின்ற குழுக்களும், அரசும். யார் என்று ஊருக்குத் தெரிந்திருக்கும், அச்சில் வராது. அச்சில் வந்தால் அடுத்த இனந்தெரியாதவர் அச்சகத்துக்கு வருவார்.

அந்த மாதத்துக்குப் பின்னால் இருந்தது

சரி, ஏன் திருகோணமலை, ஏன் அந்த மாதம்? துவக்கு தானாக வெடிப்பதில்லை என்று துவக்குப் பிரியர்கள் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது.

2002 பெப்ரவரியில் கையெழுத்தான போர்நிறுத்தம் காகிதத்தில் அப்போதும் உயிரோடுதான் இருந்தது. ஆனால் 2005 மே மாதம் நகரின் பஸ் நிலையத்துப் பக்கம் இரவோடிரவாக ஒரு புத்தர் சிலை வைக்கப்பட்டது. ஹர்த்தால், மோதல், பதில் மோதல் என்று ஊர் இரண்டாகிக் கிடந்தது. ஓகஸ்ட்டில் வெளியுறவு அமைச்சர் கதிர்காமர் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார், அவசரகாலச் சட்டம் திரும்பி வந்தது. நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல். டிசம்பரில் வடக்கில் படையினர் மீது கிளைமோர் கண்ணிவெடித் தாக்குதல்கள். ஆண்டு முடியும்போது நகரில் ஒவ்வொரு சந்தியிலும் நின்றவர்கள் பயந்தவர்கள், கோபப்பட்டவர்கள், முப்பது ரவை போட்ட மகசீனோடு நின்றவர்கள். ஐந்து பேர் இறந்து ஐந்தாம் நாள், ஜனவரி 7, திருகோணமலைக் கடலில் கடற்படையின் டோரா படகொன்று தற்கொலைத் தாக்குதலில் மூழ்கியது. ஏப்ரல் 12இல் சந்தையில் குண்டு வெடித்தது, வெடித்த கையோடு காடையர் இறங்கினார்கள். அன்று தமிழரின் கடைகளை எரிக்கத் துவக்குத் தேவைப்படவில்லை. பெற்றோலும் கத்தியும் போதுமாயிருந்தன. ஆகவே வன்முறையின் காரணம் துவக்கு மட்டும்தான் என்று நானும் வாதிட மாட்டேன்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கத்தியோடு வருகிறவனைக் கண்டு ஓடலாம், கதவைப் பூட்டலாம், நாலு பேர் சேர்ந்து மறிக்கலாம். ரி-56 என்ற தானியங்கித் துவக்குக்கு முன்னால் அதெல்லாம் நடக்காது. கோபம் வந்த கணத்துக்கும் பிணம் விழும் கணத்துக்கும் இடையில் இருக்கும் நேரத்தை அது இல்லாமல் செய்துவிடுகிறது.

அமெரிக்காவின் துவக்குச் சண்டையை இங்கே கொண்டுவந்து பொருத்தப் பார்ப்பவர்களுக்கு இந்த இடத்தில்தான் சறுக்கும். அங்கே மக்களைவிடத் துவக்குகள் அதிகம். சுமார் 39 கோடி என்று 2018இல் ஒரு மதிப்பீடு வந்தது. ஆகவே அங்கே கேள்வி, ஒரு தனிமனிதன் கடையில் துவக்கு வாங்கலாமா என்பது. 2006இல் திருகோணமலை நகரில் ஒரு தமிழ்க் குடிமகனிடம் விளையாட்டுத் துவக்கைக் கண்டாலே பூசா தடுப்பு முகாமுக்கு ஏற்றியிருப்பார்கள். துவக்குக் கட்டுப்பாடு என்று பார்த்தால் உலகத்திலேயே இறுக்கமான ஊர்களில் ஒன்றாக இருந்திருக்கும். அந்த ஊரில்தான் வெடிச்சத்தம் கேட்காத கிழமை இல்லை.

எங்கள் பக்கத்துத் துவக்கின் சரித்திரமே வேறு. தாத்தா காலத்தில் இடியன். குழல் வாயில் மருந்தும் ஈயமும் இடித்து அடைத்து, மான் மரை சுட. காட்டோரங்களில் இன்றும் கட்டுத்துவக்காக அது உயிரோடு இருக்கிறது. கம்பியில் கால் பட்டால் பன்றிக்கும் மனிதனுக்கும் பேதம் பார்க்காது. பிறகு அனுமதிப்பத்திரச் சொட்கன். இயக்கங்கள் முளைத்தபோது முதலில் வீடு வீடாகப் போய்ப் பறித்தது அந்தச் சொட்கன்களைத்தான். எண்பதுகளின் நடுவில் எல்லைக் கிராமங்களில் ஊர்காவற்படை அமைத்து அரசாங்கமே சிங்கள, முஸ்லிம் ஊரவரின் கையில் சொட்கன் கொடுத்தது. சேருவிலப் பக்கம், கந்தளாய்ப் பக்கம், மூதூர்ப் பக்கம் என்று அயல் ஊர்கள் ஒன்றையொன்று குழல் வழியாகப் பார்க்கப் பழகின. அந்தப் படை பின்னர் சிவில் பாதுகாப்புத் திணைக்களமாகியது. வயலுக்குப் பக்கத்து வயற்காரன் இரவில் ஆயுதத்தோடு காவல் நிற்கிறான் என்றால் வாய்க்கால் தகராறுகூட வேறு நிறம் எடுக்கும். எடுத்தது.

ஒரே மாவட்டம், மூன்று கோப்புகள்

காந்தி சிலையடிக் கொலைகளைத் தனியாகப் பார்த்தால் ஒரு கறுப்பு இரவு என்று கடந்துவிடலாம். இன்னும் இரண்டு கோப்புகளை அதன் பக்கத்தில் வைத்தால் கடக்க முடியாது.

1996 பெப்ரவரி 11, கிளிவெட்டிக்கு அருகே குமாரபுரம். பக்கத்தில் இரண்டு படையினர் கொல்லப்பட்டதன் பின் ஊருக்குள் புகுந்த படையினர் பெண்கள், குழந்தைகள் உட்பட 24 பேரைச் சுட்டும் வெட்டியும் கொன்றார்கள். இந்த வழக்கில் தப்பியவர்கள் ஆட்களை அடையாளம் காட்டினார்கள். துவக்குகளும் சான்றுப் பொருட்களாக அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களத்துக்குப் போயின. 2004இல் அந்தத் திணைக்களத்தில் தீ. துவக்குகள் அதோடு போயின. 2016 ஜூலை 27, அனுராதபுரம் மேல் நீதிமன்றத்தில் ஜூரிகள் ஆறு படையினரையும் குற்றமற்றவர்கள் என்றார்கள்.

2006 ஓகஸ்ட் 4, மூதூர். பட்டினிக்கு எதிரான பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர், 16 தமிழரும் ஒரு முஸ்லிமும், அலுவலக வளவுக்குள் நிறுவனத்தின் உடுப்போடே சுடப்பட்டுக் கிடந்தார்கள். பலர் முகம் குப்புற. அந்த வழக்கு ஒரு ரவையின் விட்டத்தில் போய் மாட்டியது. பிரேத பரிசோதனைக்கு வந்திருந்த ஆஸ்திரேலிய நிபுணர் முதலில் ஒரு ரவையை 5.56 மில்லிமீற்றர் என்று எழுதினார், பிறகு அதை 7.62 என்று மாற்றிக்கொண்டார். வெளியாருக்கு இது தசமப் புள்ளிச் சண்டை. உள்ளே இருப்பவர்களுக்கு அப்படியில்லை. 7.62 எல்லோரிடமும் இருந்தது, படையிடமும் புலிகளிடமும். 5.56 மிகச் சிலரிடமே. ஒன்று கதவைத் திறக்கும், மற்றது எல்லாக் கதவையும் ஒரே நேரத்தில் காட்டிக் குழப்பும். அந்த ரவைக்குரிய துவக்கு எது என்று இன்னும் தெரியாது.

பிறகு எங்கள் ஐந்து பேர். 2006 நவம்பரில், மனித உரிமை மீறல்களை விசாரிக்க, உடலாகம ஆணைக்குழு அமைக்கப்பட்டது. 16 சம்பவங்கள், அதில் இதுவும் மூதூரும் அடக்கம். மேற்பார்க்க வந்த வெளிநாட்டு நிபுணர் குழு 2008இல் மனம் வெறுத்துப் போய்விட்டது. சாட்சிகள் வெளிநாட்டிலிருந்து காணொளி வழியாகப் பேசினார்கள். சீருடைக்காரர்களின் பங்கைச் சந்தேகிக்க வலுவான காரணம் உண்டு என்றது அந்த ஆணைக்குழு. அறிக்கை மக்கள் கண்ணில் பட்டது 2015இல். நல்லிணக்க ஆணைக்குழுவும் 2011இல் இந்த வழக்கை நடத்தச் சொன்னது. 2013 ஜூலையில் விசேட அதிரடிப்படையினர் 12 பேரும் ஒரு பொலிஸ் அதிகாரியும் கைதானார்கள், சில மாதத்தில் பிணை. 2019 ஜூலை 3, திருகோணமலை நீதிவான் 13 பேரையும் விடுவித்தார். போதிய சாட்சியம் இல்லை.

சட்டப்படி அவர்கள் விடுவிக்கப்பட்டவர்கள், அதை மறுத்து எழுத எனக்கு உரிமையில்லை. சாட்சியம் ஏன் போதவில்லை என்று கேட்கலாம். முக்கிய சாட்சிகள் உயிருக்குப் பயந்து நாட்டை விட்டுப் போனவர்கள். சாட்சிப் பாதுகாப்புக்கென்று ஒரு சட்டம் வந்ததே 2015இல், கொலை நடந்து ஒன்பது வருடம் கழித்து. படம் எடுத்தவரைத்தான் மூன்று கிழமையில் முடித்துவிட்டார்களே. ஆட்சாட்சி இல்லாதபோது பேச வேண்டியது பொருட்சாட்சி. ரவை, சுட்டபின் விழும் வெற்றுக் கோது, குழல், அவற்றுக்குப் பின்னால் ஒரு பதிவேடு.

பதிவேடு

இதுதான் நான் இத்தனையும் எழுதுவதற்குக் காரணம்.

அரசின் துவக்கு எதுவும் அநாதை இல்லை. ஆயுதக் களஞ்சியத்தில் ஒவ்வொன்றுக்கும் இலக்கம் உண்டு. கடமைக்குப் போகிறவர் இலக்கத்துக்கு நேரே கையொப்பம் வைத்து எடுக்கிறார். இத்தனை ரவை என்று எழுதிக் கொடுக்கிறார்கள், திரும்பும்போது எண்ணி வாங்குகிறார்கள். குறைந்தால் எங்கே, ஏன் என்று விளக்கம் எழுத வேண்டும். சுட்ட ரவையில் குழலின் வரிகள் பதிகின்றன. வெற்றுக் கோதின் அடியில் சுத்தியலூசி குத்திய தடம் இருக்கிறது. கெடாமல் எடுத்தால் இன்ன துவக்கு என்று சொல்லிவிடலாம். ஆகவே ஓர் அரசுத் துவக்கு சுட்ட கொலையைக் கண்டுபிடிப்பது, தம்பலகாமத்து ஐயாவின் சொட்கன் சுட்ட கொலையைக் கண்டுபிடிப்பதைவிட இலகுவாக இருக்க வேண்டும். சொட்கன் சுடும் சன்னத்தில், அந்தச் சிறு ஈய உருண்டைகளில், குழல் வரியே பதியாது!

நடைமுறையில் தலைகீழ். அவருடைய வீட்டுக்குப் பொலிஸ் எந்நேரமும் வரலாம். ஒரு படைப்பிரிவின் பதிவேட்டை அன்றிரவே எடுத்து முத்திரை வைத்து நீதிமன்றத்துக்குக் கொண்டுவர, வெளியார் எவருக்கும் வழியிருக்கவில்லை. விசாரிப்பவரும் விசாரிக்கப்படுபவரும் ஒரே களஞ்சியத்திலிருந்து துவக்கு எடுப்பவர்கள்.

எங்கள் சுடுகலன் சட்டம் 1916இல் வெள்ளைக்காரன் எழுதியது. 1996இல் அதைத் திருத்தித் தானியங்கித் துவக்கைச் சட்டவிரோதமாக வைத்திருந்தால் ஆயுள் தண்டனை என்றார்கள். அதே 1996இல்தான் ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆதரில் ஒருவன் 35 பேரைச் சுட்டான். இரண்டு கிழமைக்குள் அந்த நாடு சட்டத்தை மாற்ற இணங்கியது, பிறகு ஆறு லட்சத்துக்கு மேல் துவக்குகளைக் காசு கொடுத்து வாங்கி நொறுக்கியது. அந்த வருடம்தான் குமாரபுரமும். ஆனால் 1916 சட்டம் எவ்வளவு இறுகினாலும் குமாரபுரத்தைத் தொடாது. கடமைக்கென்று படையும் பொலிஸும் வைத்திருக்கும் துவக்கு அந்த அனுமதிப்பத்திர முறைக்குள் வருவதே இல்லை. அது உள்வீட்டுக் கணக்கு.

உள்வீட்டுக் கணக்கின் ஓட்டை இப்போது தெற்கிலும் வலிக்கிறது. 2025 பெப்ரவரி 19, கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே, கூண்டில் வைத்து ஒரு பாதாள உலகத் தலைவர் சுடப்பட்டார். சட்டத்தரணி வேடத்தில் வந்தவன் சட்டப் புத்தகத்தின் நடுவைக் குடைந்து துப்பாக்கி கொண்டுவந்தான். அதே நாட்களில் ஒரே இராணுவ முகாமிலிருந்து 70க்கும் மேற்பட்ட ரி-56கள் பாதாள உலகத்துக்குப் போயிருக்கின்றன என்று நாட்டின் தலைமையே சொன்னது. கொழும்பு அதிர்ந்தது. எங்கள் ஊரில் கச்சான் வண்டிக்காரர் பத்திரிகையை மடித்துக்கொண்டு, "இப்பத்தானா எண்ணிப் பாக்கினம்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை.

ஜனவரி 2

இப்போதும் ஒவ்வொரு ஜனவரி 2லும் காந்தி சிலையடியில் விளக்கேற்றுகிறார்கள். சில வருடம் பத்துப் பேர், சில வருடம் அதைவிடக் கூட. ஐந்து படங்கள், காற்றில் விழாமல் இருக்கக் கல் வைத்து. மழைக்காலம் என்பதால் மெழுகுதிரி நிற்பதில்லை; யாராவது போத்தலை வெட்டி மூடியாகக் கொண்டு வருவார்கள். ஊர் மான்கள் இரண்டு கடதாசி தேடி அந்தப் பக்கம் வரும், படம் பிடிக்கிற பிள்ளைகள் அதைத் துரத்துவார்கள்.

ஒருமுறை நானும் போயிருந்தேன். வீதியின் மறுகரையில் பொலிஸார் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் இளம் பெடியன், செத்தவர்களின் அன்றைய வயதுதான் இருக்கும். தோளில் ரி-56. அதன் மரக்கட்டையில் வெள்ளைப் பெயின்ற்றால் இலக்கம் எழுதியிருந்தது. இந்தக் கரையிலிருந்தே வாசிக்கக்கூடிய அளவு பெரிய எழுத்து. பக்கத்தில் நின்ற ஓர் அம்மா என் பார்வை போன இடத்தைக் கண்டுவிட்டு, "என்ன தம்பி பாக்கிறீங்கள்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை அம்மா என்றேன். அவர் திரும்பவும் குனிந்து அணைந்த திரியைப் பற்றவைக்கத் தொடங்கினார்.